எங்கே பட்டது, சொல்

விருத்தாசலத்தில் ரயிலை விட்டு இறங்கும்போதே வெயில் ஏறியிருந்தது. அங்கிருந்து ஸ்ரீமுஷ்ணம் சுமார் இருபது கிலோமீட்டர். நேராகப் பேருந்து ஏறியிருந்தால் சாப்பாட்டு நேரத்துக்கு வெகு முன்பே சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கலாம். அக்கா மகன்தான் பீங்கான் பட்டறை ஒன்றைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றான். சின்ன வயதில் கொலுவுக்கு இங்கிருந்து வாங்கிப்போன பொம்மைகள் இன்னும் அவன் நினைவில் இருக்கின்றன.

அவன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் எங்களுக்குக் குலதெய்வம். அதனால் ஊருக்கு வரும்போதெல்லாம் ஸ்ரீமுஷ்ணம் உண்டு. இந்தத் தடவை இன்னொரு வேலையும் வைத்திருந்தான். என் சித்தப்பா ஆயுதப்படையில் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்து ஓய்வுபெற்றவர். கைத்துப்பாக்கிப் போட்டி ஒன்றில் சுட்ட மதிப்பெண் தாளை அவரிடம் காட்டி, எங்கே கோட்டைவிட்டோம் என்று கேட்க வேண்டும் என்பது அவன் எண்ணம். பட்டியலில் பாதிக்குக் கீழே போய்விட்டேன் மாமா என்று ரயிலில் வரும்போதே சொல்லியிருந்தான். சொன்னபோது முகம் வாடித்தான் இருந்தது.

பிராக்டிகல் ஷூட்டிங் என்பது அந்தப் போட்டியின் பெயர். ஒலிம்பிக்கில் நாம் பார்க்கும் கைத்துப்பாக்கிச் சுடுதலில் வீரர் ஓரிடத்தில் நின்று, அளந்து வைத்த தூரத்தில் இருக்கும் இலக்கைச் சுடுவார். இதில் ஓட வேண்டும். மறைப்புத் தடுப்புகளுக்கு நடுவே, சன்னல் போல வெட்டிவிட்ட திறப்புகள் வழியாக, கிட்டேயும் எட்டேயும் நிற்கும் அட்டை இலக்குகளையும் இரும்புத் தகடுகளையும் சுட்டுக்கொண்டே போக வேண்டும். ஒரு களத்துக்கு ஸ்டேஜ் என்று பெயர். ஒவ்வொரு ஸ்டேஜும் ஒவ்வொரு விதமாக அமைந்திருக்கும். சுடுவதற்கு முன் சில நிமிடம் வெறுங்கையோடு நடந்து பார்த்து, எந்த இலக்கை எங்கே நின்று சுடுவது, தோட்டாக் கூட்டை எங்கே மாற்றுவது என்று மனதுக்குள் பாதை போட்டுக்கொள்ளலாம். பிறகு நடுவர் கையிலிருக்கும் கருவி 'பீப்' என்று கத்தும். கடைசிக் குண்டின் சத்தம் வரை அந்தக் கருவி நேரத்தைக் குறித்துக்கொள்ளும்.

1976-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா நகரில் கூடிய ஒரு கூட்டத்தில் இதற்கான சர்வதேசக் கூட்டமைப்பு உருவானது. முன்னாள் ராணுவ அதிகாரி ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். துல்லியம், வலிமை, வேகம் மூன்றும் சமமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்துக்கொண்ட கொள்கை. இன்று தாய்லாந்திலும் பிலிப்பைன்ஸிலும் இது பெரிய விளையாட்டு. 2022-இல் இதன் உலகப் போட்டி தாய்லாந்தின் பட்டாயாவில் நடந்தது.

பாதுகாப்பு விதிகளில் துளியும் தயவு கிடையாது. ஓடும்போது விரல் விசைமேல் இருந்தாலோ, குழலின் வாய் அனுமதித்த கோட்டைத் தாண்டிப் பின்பக்கம் திரும்பினாலோ, துப்பாக்கி கையைவிட்டு நழுவினாலோ அன்றைய போட்டி அத்தோடு முடிந்தது. உலகப் பட்டம் வென்றவரானாலும் பையைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அமெரிக்காவில் பச்சை அட்டை (கிரீன் கார்டு) கிடைத்த பிறகுதான் இவன் இதில் சேர்ந்தான். முதலில் பல வாரம் குண்டே போடாமல் உறையிலிருந்து எடுக்கவும் வைக்கவும் மட்டும் பழகினானாம்.

பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் சிறியதாக ஒரு பட்டறை கிடைத்தது. நெய்வேலி களிமண்ணை வைத்து இங்கே பல ஆண்டுகளாகப் பிழைப்பு நடக்கிறது. பொம்மை, அகல்விளக்கு, ஊறுகாய் ஜாடி, மின்சார ஃபியூஸ் கட்டை எல்லாம் இங்கிருந்து போகின்றன. வாசல் நிழலில் இரண்டு பெண்கள் சூளைக்குப் போகாத பிள்ளையார் பொம்மைகளை மடியில் வைத்து, அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் தெரியும் கோட்டைச் சிறு கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே சூளை ஆறி, பெரியவர் ஒருவர் தட்டு தட்டாக வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

கதவோரத் தட்டில் நாலைந்து பொம்மைகள் வெடித்திருந்தன. அவற்றைத் தூக்கி எறிவார் என்று நினைத்தேன். அவர் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, விரிசல் எந்தப் பக்கம் என்று திருப்பிப் பார்த்துத் தரையில் வரிசையாக வைத்தார். சூளைக்குள் எந்த இடத்தில் இருந்ததோ அதே ஒழுங்கில் வைத்தார். பிறகு பையனைக் கூப்பிட்டார்.

"பாத்தியா, எல்லாம் கதவைப் பாத்த பக்கந்தான் வெடிச்சிருக்கு. உள்தட்டுல ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல. மண்ணு நல்ல மண்ணுதான். கதவு இடுக்குல காத்து பூந்திருக்கு. நாளைக்கு மொதல்ல அதை அடை."

எத்தனை பொம்மை போயிற்று என்று அவர் எண்ணவே இல்லை. வெளியே வந்ததும் அக்கா மகன் கேட்டான்: "நான் எத்தனை மிஸ்னு மட்டுந்தான் எண்ணிட்டு இருந்தேன், இல்ல மாமா?"

ராஜேந்திரப்பட்டினம் வழியாகப் பேருந்து போனது. செம்மண்ணும் முந்திரித் தோப்பும் மாறி மாறி வந்தன. முந்திரியையும் ஆராயும் வேளாண் பல்கலைக்கழக நிலையம் ஒன்று விருத்தாசலத்தில் இருக்கிறது. இந்தச் செம்மண் அந்த மரத்துக்கு வாய்த்த மண். சன்னலோரம் உட்கார்ந்து அவன் மதிப்பெண் கணக்கை எனக்கு விளக்கினான்.

அட்டை இலக்கின் நடுப்பகுதி ஆல்ஃபா. அதில் பட்டால் 5 புள்ளி. அதைச் சுற்றியுள்ள பகுதி சார்லி, 3 புள்ளி. ஓரம் டெல்டா, 1 புள்ளி. அவன் சுடும் பிரிவில் கணக்கு இப்படி. கொஞ்சம் வலுவான தோட்டா போடுகிறவர்களுக்குச் சார்லி 4, டெல்டா 2. அட்டையிலேயே படாமல் போனால் அது மைக். கிடைக்க வேண்டிய 5 போவதோடு 10 புள்ளி கழியும். இப்படிச் சேர்ந்த புள்ளியை எடுத்துக்கொண்ட விநாடியால் வகுப்பார்கள். வருகிற எண்தான் அந்த ஸ்டேஜில் உங்கள் மதிப்பு. ஒருவர் 150 புள்ளியை 30 விநாடியில் எடுத்தால் 5. இன்னொருவர் 140 புள்ளிதான் எடுத்தார், ஆனால் 25 விநாடியில் முடித்துவிட்டார் என்றால் 5.6. இரண்டாமவர் முன்னால் போய்விடுவார். நிதானமாகச் சுட்டால் நேரம் தின்றுவிடும், அவசரப்பட்டால் மைக் தின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே தனக்குரிய வேகத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்த விளையாட்டு.

இந்த வகைப் போட்டி தமிழ்நாட்டு ரைஃபிள் கிளப்களில் நடப்பதில்லை. அதற்குப் பயன்படும் 9 மி.மீ. தோட்டா நம் சட்டப்படி தடைசெய்யப்பட்ட ரகம். அது ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் உரியது. நம் கிளப்களில் ஒலிம்பிக் வகைப் போட்டிகள்தான். நடிகர் அஜித்குமார் 2022-இல் திருச்சியில் மாநிலப் போட்டிக்குச் சுட வந்தபோது கூட்டம் திரண்டதே, அதுவும் அந்த வகைதான். அவற்றுள் பிராக்டிகல் ஷூட்டிங்குக்கு மிக அருகில் வருவது 25 மீட்டர் ரேபிட் ஃபயர் பிஸ்டல். பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் ஐந்து இலக்குகளை, இலக்குக்கு ஒரு குண்டாக, முதலில் 8 விநாடியிலும் பிறகு 6-லும் கடைசியில் 4 விநாடியிலும் சுட வேண்டும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ராணுவ சுபேதார் விஜய் குமார் இதில்தான் வெள்ளி வென்றார். நான்கு விநாடியில் ஐந்து குண்டு என்றால், முதல் குண்டு கிளம்பும்போதே கண் இரண்டாவது இலக்குக்குப் போயிருக்க வேண்டும்.

சித்தப்பா வீட்டில் வெறும் ரசமும் வாழைக்காய் வறுவலும் அப்பளமும். பயணம் வந்த வயிற்றுக்கு அது போதும். கை கழுவியதும் அக்கா மகன் போனை எடுத்து நீட்டினான். "தாத்தா, இதுதான் ரிசல்ட். மொத்தம் எத்தனை பேர்னா..."

சித்தப்பா கையை உயர்த்தி நிறுத்தினார். "அத உள்ள வை. நான் அதப் பாக்கப்போறதில்ல இப்போ."

அலமாரியிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்தார். நடுவில் எழுதாத பக்கத்தைப் பிரித்துப் பேனாவோடு அவனிடம் கொடுத்தார். "ஒவ்வொரு களமா எழுது. எங்க நின்னே, எதச் சுட்டே, எங்க தடுமாறுனே. குண்டு எங்க பட்டிருக்கும்னு உனக்குத் தோணுதோ அத எழுது. வீடியோவப் பாக்காத. நீ எழுதி முடி, கோயில் போயிட்டு வந்து பேசிக்கலாம்."

இது அவருடைய பழைய வழக்கம். புதிதாகச் சேரும் காவலர்களைச் சுடுதளத்துக்கு அழைத்துப் போய் ஐந்து குண்டு சுடச் சொல்வார். சுட்டதும் எல்லாரும் இலக்கைப் பார்க்க ஓடுவார்களாம். யாரையும் விடமாட்டார். ஒவ்வொருவனும் நின்ற இடத்திலேயே நின்று, தன் குண்டு எங்கே போனது என்று சொல்ல வேண்டும். மேலே, கீழே, இடது ஓரம், தெரியாது என்று எதையாவது சொல்லியே ஆக வேண்டும். 'தெரியாது' என்று சொன்னவனை அவர் திட்டியதில்லை. நடுவில்தான் பட்டிருக்கும் என்று சொல்லிவிட்டு, போய்ப் பார்த்தால் ஓரத்தில் இருப்பவனைத்தான் தனியாக நிறுத்திவைத்துப் பேசுவார். விசை விடுபடும் அந்தக் கணத்தில் முன்குறி எங்கே நின்றது என்று கண் பார்த்திருந்தால், குண்டு போன இடம் சுட்டவனுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். தெரியவில்லை என்றால் கண் அப்போது வேறு எங்கோ இருந்திருக்கிறது.

"அஞ்சும் ஒரே எடத்துல பட்டு, நடுவுல இல்லாம ஓரமா இருந்தா நான் சந்தோஷப்படுவேன்டா" என்றார் அவனிடம். "ஆள் சரி, குறியத் திருத்தினா போதும். அஞ்சும் அஞ்சு தெசையில இருந்து, அதுல ஒண்ணு நட்டநடுவுல இருந்தா, அந்த நடு குண்டுக்கு மார்க்கே கெடையாது எங்கிட்ட. அது தானா விழுந்தது."

காவல்துறையில் இதைக் குரூப்பிங் என்பார்கள். .303 ரைஃபிள் காலத்திலிருந்து வரும் பாடம். எனக்கு அது சுடுதலைத் தாண்டியும் சரியென்று படுகிறது. ஆனால் அன்று பேச்சு சுடுதலைப் பற்றித்தான்.

அவன் எழுதிக்கொண்டிருக்கும்போது சித்தப்பா எனக்குத் தன் செய்தித்தாள் நறுக்குகளைக் காட்டினார். பெரும்பாலும் இளவேனில் வாலறிவன் பற்றியவை. 1999-இல் கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த பெண். 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியவர். நம்ம மாவட்டத்துப் புள்ள என்று சொல்லும்போது சித்தப்பாவின் குரலில் ஏறும் பெருமை எனக்கும் உண்டு.

டோக்கியோ ஒலிம்பிக்கில் இளவேனில் தகுதிச் சுற்றில் எடுத்தது 626.5. 16-வது இடம். பாரிஸில் 2024-இல் எடுத்தது 630.7. பத்தாவது இடம். முதல் எட்டுப் பேருக்குத்தான் இறுதிச் சுற்று. இரண்டு முறையும் நம் பத்திரிகைகள் எழுதிய சொல் ஒன்றே: ஏமாற்றம். அறுபது குண்டில் நாலு புள்ளிக்குமேல் கூடுவது இந்த விளையாட்டில் பெரிய ஏற்றம் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். பாரிஸில் அதே சுற்றில் இறுதிக்குத் தகுதிபெற்ற நம் ரமிதா ஜிண்டால் 631.5 எடுத்து ஐந்தாவதாக வந்தார். ஐந்தாம் இடத்துக்கும் பத்தாம் இடத்துக்கும் நடுவில் 0.8 புள்ளி. ஒருவர் தகுதி, ஒருவர் தோல்வி என்று தலைப்பு போடுகிறோம். இளவேனிலுக்கு எந்தச் சுற்றில், எந்தப் பத்துக் குண்டில் புள்ளி நழுவியது என்பதைத் தேடிப் படித்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? பயிற்சியாளரும் அவரும் அதைத்தான் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். 2025 ஆகஸ்டில் கஜகஸ்தானின் ஷிம்கென்ட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இறுதிச் சுற்றில் 253.6 எடுத்துத் தங்கம் வென்றார். விளையாட்டுச் செய்தி எழுதுகிறவர்கள் இந்த மூன்று எண்ணையும் ஒரே பத்தியில் சேர்த்து எழுதினால், படிக்கும் பிள்ளைகளுக்கு எவ்வளவோ புரியும். நம் ஊர்ப் பிள்ளைகள் பத்தாம் இடத்தைத் தோல்வி என்று நம்பி விளையாட்டையே விட்டுவிடுகிறார்கள். அதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மனு பாக்கரின் கதை இன்னொரு வகை. டோக்கியோவில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவில் அவருடைய துப்பாக்கி பழுதானது. சரிசெய்து திரும்புவதற்குள் பல நிமிடங்கள் போயின. 575 புள்ளி, 12-வது இடம். துப்பாக்கியின்மேல் பழி போட்டுவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிரிந்திருந்த பயிற்சியாளர் ஜஸ்பால் ராணாவோடு 2023-இல் மறுபடி சேர்ந்து அடியிலிருந்து வேலையைத் தொடங்கினார். பாரிஸில் அதே போட்டியின் இறுதிச் சுற்றில் 221.7 எடுத்து வெண்கலம். வெள்ளிக்கான சுற்றுக்குப் போக முடியாமல் போனது 0.1 புள்ளியில். பிறகு சரப்ஜோத் சிங்கோடு கலப்பு அணியிலும் வெண்கலம்.

நாலு மணிக்கு மேல் கோயிலுக்குப் போனோம். மேற்குப் பார்த்த ஏழுநிலைக் கோபுரம். உள்ளே நுழைந்ததும் நாயக்கர் காலத்துப் புருஷசூக்த மண்டபம். தூண்களில் குதிரைமேல் பாயும் வீரர்களின் சேணத்தில் தொங்கும் குஞ்சத்தைக்கூடக் கல்லில் தனியாகப் பிரித்துச் செதுக்கியிருக்கிறார்கள். தஞ்சை நாயக்கர்கள் இந்தக் கோயிலுக்குச் செய்தது ஏராளம். மாசி மகத்துக்கு உற்சவர் இங்கிருந்து கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். அங்கே தர்காவில் முஸ்லிம் மக்கள் அவரை வரவேற்று மரியாதை செய்வார்கள். இந்தப் பக்கத்து மக்கள் எல்லாருக்கும் அது சொந்தத் திருவிழா.

தானாகத் தோன்றிய எட்டுத் தலங்களில் ஒன்று இது. மூலவர் சாளக்கிராமத் திருமேனி. இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றி நிற்கிறார். உடல் மேற்கு நோக்கியிருக்க, முகம் மட்டும் தெற்கே திரும்பியிருக்கிறது. அர்ச்சகர் தீபத்தை முகத்தருகே உயர்த்திக் காட்டியபோது அந்தத் திருப்பம் நன்றாகத் தெரிந்தது. தோளில் அசைவே இல்லை. கழுத்து மட்டும் திரும்பி, பார்வை வேறிடத்தில் நிலைத்திருந்தது. சின்ன வயதிலிருந்து பார்த்த திருமேனிதான். அன்று அக்கா மகன் நெடுநேரம் கைகூப்பி நின்றான். பிரசாதமாகக் கோரைக்கிழங்கு கொடுத்தார்கள். நிலத்தைக் கிளறும் வராகருக்கு உகந்தது என்று காலங்காலமாக வரும் நைவேத்தியம் அது.

நித்திய புஷ்கரணிப் படியில் உட்கார்ந்தபோது அவன் சொன்னான்: "எங்க கோச் இதைத்தான் சொல்வாரு மாமா. உடம்பு ஓடிட்டே இருக்கட்டும், கண்ணு முன்னாடியே அடுத்த எடத்துக்குப் போயிடணும். கண்ணு போன எடத்துக்குத் துப்பாக்கி தானா வரும். நான் சுட்ட ஓட்டையையே பாத்துட்டு நிக்கறேன்."

அவன் சொன்னது போட்டியாளர்கள் எல்லாரும் போராடும் விஷயம். சுட்டதும் பட்டதா என்று பார்க்கத் தோன்றும். அந்தப் பார்வைக்கு ஒவ்வொரு இலக்கிலும் கால் விநாடி, அரை விநாடி போகும். முப்பத்திரண்டு குண்டுள்ள ஒரு ஸ்டேஜில் பதினாறு இலக்கு என்றால் மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பாருங்கள். பார்க்காமல் நகர வேண்டுமானால் குண்டு எங்கே பட்டது என்று சுடும்போதே தெரிந்திருக்க வேண்டும். சித்தப்பா சுடுதளத்தில் காவலர்களை நிறுத்திவைத்துக் கேட்டாரே, அதே பாடம்.

இரவு சாப்பிட்ட பிறகு திண்ணையில் விளக்கைப் போட்டுக்கொண்டு மூன்று பேரும் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் அவன் எழுதிய நோட்டு, இன்னொரு பக்கம் மதிப்பெண் தாள், நடுவில் வீடியோ. நண்பன் ஒருவன் பின்னாலிருந்தே எடுத்த வீடியோ அது. சித்தப்பா அதில் ஒரே ஒரு ஸ்டேஜை எடுத்துக்கொண்டார். மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றார்.

நோட்டில் அவன் எழுதியிருந்தது: விசையை மெதுவாக இழுத்தேன், அதனால் நேரம் போனது. கடைசி இலக்கில் அவசரப்பட்டு ஒரு மைக். மற்றபடி சுமார்.

தாளில் மைக் இரண்டு இருந்தன.

"இன்னொண்ணு எது?" என்றார் சித்தப்பா. அவனுக்குத் தெரியவில்லை. இலக்கு வரிசையை வைத்துத் தேடிப் பார்த்ததில், இடதுபக்கச் சன்னலிலிருந்து சுட்ட மூன்றாவது இலக்கு என்று தெரிந்தது. நோட்டில் அந்த இடத்தில் 'இரண்டும் ஆல்ஃபா' என்று எழுதி வைத்திருந்தான்.

சித்தப்பா அந்த வரிக்கு அடியில் கோடு போட்டார். "கடைசி எலக்க விடு. அங்க தப்புனது உனக்கே தெரிஞ்சுது. தெரிஞ்சு தப்புனத கை தானா திருத்திக்கும். இது தப்புனதே தெரியல பாரு, இங்கதான் வேலை."

வீடியோவில் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினோம். மூன்றாவது இலக்கை நோக்கித் துப்பாக்கி வரும்போதே அவன் தலை வலதுபக்கம் திரும்பத் தொடங்கியிருந்தது. அடுத்த சன்னலுக்கு ஓட வேண்டும் என்ற நினைப்பு. இரண்டாவது குண்டு கிளம்பும்போது கண் இலக்கில் இல்லை. பூவராகர் சன்னதியில் பார்த்ததைத் தப்பாகப் புரிந்துகொள்ளக்கூடாது என்று எனக்கு அப்போது உறைத்தது. கண் முன்னால் போக வேண்டும், உண்மைதான். ஆனால் குண்டு கிளம்பும்வரை காத்திருந்து போக வேண்டும். அந்தக் கணம் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

அடுத்து நேரம். கருவி ஒவ்வொரு குண்டின் நேரத்தையும் தனித்தனியாகக் குறித்து வைத்திருக்கும். அவன் அந்த வரிசையைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தான். விசையை மெதுவாக இழுத்தேன் என்று எழுதியிருந்தானே, அந்த எண்களில் அதற்கு ஆதாரமே இல்லை. ஒரே இலக்கில் முதல் குண்டுக்கும் இரண்டாவது குண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி அவன் பிரிவில் நல்ல வீரர்களுக்கு இருப்பதற்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் ஓரிடத்தில் பெரிய ஓட்டை. முதல் சன்னலில் சுட்டு முடித்த பிறகு இரண்டு விநாடி எந்தச் சத்தமும் இல்லை. ஓட்டமும் இல்லை. வீடியோவில் பார்த்தால் சன்னலிலேயே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே இன்னொரு இலக்கு இருப்பதாக நினைத்துத் தேடியிருக்கிறான். அது அடுத்த திறப்பிலிருந்துதான் தெரியும். நடந்து பார்த்தபோது பாதையை அரைகுறையாக மனதில் போட்டிருக்கிறான்.

சித்தப்பா காகிதத்தில் கணக்குப் போட்டார். அந்த ஸ்டேஜில் அவன் மதிப்பு ஐந்தை ஒட்டி இருந்தது. அப்படியென்றால் ஒரு விநாடிக்கு ஐந்து புள்ளி. ஆல்ஃபாவுக்குப் பதில் சார்லி பட்டால் போவது 2 புள்ளி. சும்மா நின்ற இரண்டு விநாடிக்குப் போனது 10 புள்ளி. ஐந்து சார்லிக்குச் சமம். ஒரு மைக் 15 புள்ளி, அதாவது மூன்று விநாடி.

"நீ ஊருக்குப் போயி என்ன பழகலாம்னு இருந்தே?"

"விசையை வேகமா இழுக்க, தாத்தா. அதுக்குன்னு ஒரு கிளாஸ்லகூட பணம் கட்டலாம்னு..."

"வேணாம். உன் விரல் நல்லாருக்கு. நடந்து பாக்கக் குடுக்கற நேரத்துல கண்ண மூடிட்டு முழுப் பாதையையும் சொல்லிப் பாரு. ஒரு எலக்கு விட்டாலும் மறுபடி நட. வீட்டுல சொவத்துல நாலு காகிதம் ஒட்டி, தோட்டா இல்லாம, குறி நிக்குது, விசை விழுது, அப்புறந்தான் கண்ணு போவுதுன்னு பழகு. குண்டு செலவே இல்ல இதுக்கு."

பிறகு, தனக்கு நன்றாக அமைந்ததாக அவன் நினைத்த ஸ்டேஜ் ஒன்றையும் சித்தப்பா கேட்டு வாங்கிப் பார்த்தார். அதிலிருந்துதான் அவர் அதிகம் குறிப்பெடுத்தார். அங்கே அவன் ஓட்டம் சீராக இருந்தது, சொன்ன குண்டுகளும் சொன்ன இடத்தில் இருந்தன. ஏன் அங்கே சரியாக வந்தது என்று அவனைக் கேட்டார். யோசித்துவிட்டு, முந்தைய அணியின் நாலு பேர் சுடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன், பாதை நன்றாகப் பதிந்துவிட்டது என்றான். இந்தப் பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். தப்பைப் பிரித்துப் பார்ப்பதற்கு உட்காருகிறோம். சரியாக அமைந்தது எதனால் அமைந்தது என்று யாரும் உட்காருவதில்லை. அதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டால் அடுத்த முறை அது வராது.

தெரு அடங்கிவிட்டது. நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். சித்தப்பா அவனிடம் கடைசியாக ஒரு நிபந்தனை வைத்தார். அடுத்த போட்டியில் ஒவ்வொரு ஸ்டேஜும் முடிந்து, துப்பாக்கி உறைக்குள் போய், நடுவர் களம் பாதுகாப்பு என்று சொன்னதும், இலக்கு அட்டைகளை எண்ணப் போகும் முன்பே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்ப வேண்டும். எந்த இலக்கில் எங்கே பட்டது, எங்கே தெரியவில்லை என்று மட்டும் அதில் சொன்னால் போதும்.

"அங்க பகல்னா இங்க ராத்திரி தாத்தா. தூங்கிட்டு இருப்பீங்க."

"காலைல கேட்டுக்கறேன்."

"ரிசல்ட்?"

"அத ஒரு வாரம் கழிச்சு அனுப்பு."